தாலி கட்டியாச்சு, பதிவு எதுக்கு?

இளைஞர் வகுப்புகளில் தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது: "கோயில்ல தாலி கட்டியாச்சு, ஊரே வந்து வாழ்த்திட்டுப் போயாச்சு. பதிவு எதுக்கு அண்ணே?"

மலேசியாவில் 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. பதிவதிகாரி முன்னிலையில் நடந்தால்தான் திருமணம் செல்லும். தாலி நம் சமயச் சடங்கு. சட்டத்துக்கு அது மட்டும் போதாது.

கணவர் உயில் எழுதாமல் இறந்தால், 1958-ஆம் ஆண்டுச் சொத்துப் பகிர்வுச் சட்டம் மனைவிக்குப் பங்கு தருகிறது. பிள்ளைகள் இருந்து, கணவரின் பெற்றோர் இல்லையென்றால் மூன்றில் ஒரு பங்கு. பதிவு இல்லாதவர் அந்தப் பங்கைக் கேட்க முடியாது. பத்து வருஷம் குடும்பம் நடத்தியிருந்தாலும் இதே கதைதான்.

முகூர்த்தம் குறிக்கும்போதே பதிவுத் தேதியையும் குறிச்சிடுங்க. சில கோயில்களிலேயே துணைப் பதிவதிகாரி இருக்கிறார். தாலி மட்டும் கட்டியவர்கள் தேசியப் பதிவிலாகாவில் விசாரியுங்கள். இதில் வெட்கம் எதுக்கு?