தபாலில் வரும் நாட்டு விதை: யாரிடம் வாங்குவது?



ஆடிப்பட்டம் வந்தால் விதைக்கு எங்கே போவது என்ற கேள்வி முன்பு எங்கள் அவிநாசிப் பக்கத்து வீடுகளில் எழுந்ததே இல்லை. பீர்க்கு முற்றினால் கூரையில் கட்டித் தொங்கவிடுவார்கள். கத்தரி விதை சாம்பலில் புரண்டு கிடக்கும். பூசணி விதை சாணியோடு சுவரில் ஒட்டியிருக்கும். தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் ஆட்கள் போன பிறகு இந்த வேலைகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. இப்போது போனில் பணம் கட்டினால் தபாலிலோ கூரியரிலோ விதை வருகிறது. பாக்கெட்டில் எழுத்து பெரும்பாலும் ஆங்கிலம். "நீதான் படிக்கிறவன், பார்த்துச் சொல்லு சாமி" என்று அம்மா நீட்டுவார். எங்கள் குடும்பத்தில் அதைப் படித்துச் சொல்ல வேறு ஆள் இல்லை. அப்படிப் பார்க்கப் போய்த் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பில் மெண்டல் பட்டாணியைப் படித்திருக்கிறோம். வீரிய ஒட்டு விதை என்பது அந்தப் பாடத்தின் முதல் தலைமுறை. அது ஒரே சீராகக் காய்க்கும். அதில் விதை எடுத்துப் போட்டால் அடுத்த தலைமுறையில் குணம் பிரிந்து, செடிக்குச் செடி வேறாக வரும். அதனால் ஒவ்வொரு பட்டத்துக்கும் கடைக்குப் போக வேண்டும். நாட்டு ரகத்தில் எடுத்த விதை தாய்ச்செடி மாதிரியே வரும். இன்னொரு வகையும் உண்டு. பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகம் எல்லாமே ஒட்டு விதை என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. பெரியகுளத்திலிருந்து 1989-ல் வந்த பி.கே.எம். 1 செடிமுருங்கை, எப்போதும்வென்றான் பக்கத்து முருங்கையிலிருந்து தேர்ந்தெடுத்தது.

இனி முக்கியமான விஷயம். 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டம், அரசு அறிவிக்கை செய்த ரகங்களுக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் வைத்திருக்கிறது. தக்காளி, கத்தரிக்கு 70 சதவீதம், வெண்டைக்கு 65, மிளகாய், சுரைக்கு 60. நம் அம்மிச்சி வைத்திருந்த பெயரில்லாத சுரைக்காய் அந்த அறிவிக்கைப் பட்டியலில் இருக்காது. அதாவது நாட்டு விதை என்று சொல்லி விற்பவருக்குச் சட்டத்தின் பிடி குறைவு. கேட்க வேண்டியது நாம்தான். எந்த ஊர் விதை, யார் விளைவித்தது, எந்த வருடம் எடுத்தது, முளைப்புச் சோதனை எப்போது செய்தது? சுரை, பூசணி, பீர்க்கு என்றால் பக்கத்தில் வேறு ரகம் இருந்ததா என்றும் கேளுங்கள். அவற்றில் தேனீ மகரந்தத்தைக் கலந்துவிடும். தக்காளியும் அவரையும் பெரும்பாலும் தன் பூவிலேயே சேர்வதால் அவ்வளவு பயமில்லை. பதில் சொல்பவரிடம் வாங்கலாம். "எல்லாம் ஒரிஜினல் நாட்டு விதைங்க" என்று மட்டும் சொல்பவரை விட்டுவிடலாம். அமெரிக்காவில் 1975-ல் தொடங்கிய சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பில், உறுப்பினர்கள் தங்கள் வீட்டு விதையைத் தபாலில் பகிர்ந்துகொள்கிறார்கள். யாரிடமிருந்து வந்தது என்ற கதையும் விதையோடு போகும்.

கேட்டு வாங்கினாலும் சோதிக்காமல் நடாதீர்கள். ஈரத்துணியில் 10 விதையைப் பரப்பிச் சுருட்டி, காயாமல் வையுங்கள். வெண்டையை நான்காம் நாள், தக்காளியை ஐந்தாம் நாள், கத்தரியையும் மிளகாயையும் ஏழாம் நாள் முதல் தடவை எண்ணுங்கள். கத்தரிக்கு 14 நாள் வரை பொறுக்கலாம், வெண்டைக்கு 21. சோதனைக்கூடத்தில் 400 விதை வைப்பார்கள். நம் 10 விதைக்கு அந்தத் துல்லியம் வராது. ஆனால் மோசடி தெரிந்துவிடும்.

நாங்கள் ஒரு கம்பெனியில் (பெயர் வேண்டாம்) 20 வெண்டை விதை 30 ரூபாய்க்கு வாங்கினோம். கூரியர் 50 ரூபாய். சோதனைத் தேதி பாக்கெட்டில் இல்லை. துணியில் வைத்த 10-ல் 4 முளைத்தது, மண்ணில் போட்ட 10-ல் 5. ஒரு நாற்றுக்குக் கிட்டத்தட்ட 9 ரூபாய். போன் போட்டுக் கேட்டால், "உங்க மண்ணு சரியில்லைங்க" என்றார்கள். துணியில் ஏதுங்க மண்?

கலர் கலராக வெளிநாட்டுத் தக்காளி விதை வரவழைக்கும் ஆசை நம் விடுதியில் சிலருக்கு உண்டு. 2003-ஆம் ஆண்டு தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் நோயில்லாச் சான்றும் வேண்டும். 2020 ஆகஸ்டில், கேட்காமலே தபாலில் வரும் விதைப் பொட்டலங்களைப் பற்றி மத்திய வேளாண் அமைச்சகமே எச்சரித்தது. அந்த வம்பு நமக்கு வேண்டாம்.

நல்ல விற்பனையாளரிடம் ஒரு தடவை வாங்கினால் போதும். பிறகு நாமே விதை எடுக்கலாம், கொடுக்கலாம். 2001-ஆம் ஆண்டு தாவர ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் விவசாயிக்கு விதையைச் சேமிக்க, மறுபடி விதைக்க, பரிமாற, விற்கக்கூட உரிமை கொடுத்திருக்கிறது. பதிவு செய்த ரகத்தைப் பிராண்ட் பெயரில் விற்கத்தான் கூடாது.

சேவூர், அன்னூர், பல்லடம், காங்கேயம் என்று பல ஊரிலிருந்து இங்கே படிக்க வருகிறோம். அடுத்த லீவு முடிந்து வரும்போது வீட்டில் பாட்டியிடம் கேட்டு, ஒரு பிடி விதையைக் காகித உறையில் போட்டு ஊர் பெயரும் வருடமும் எழுதிக் கொண்டு வாருங்கள். என்னிடம் இருப்பது பச்சை வரிக் கத்தரி. சுரை யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.