கோணல் பற்களும் தாடை வளர்ச்சியும்

தெற்றுப்பல் அதிர்ஷ்டம் என்று நம் ஊர்ப் பக்கம் சொல்வது உண்டு. அதிர்ஷ்டம் வருகிறதோ இல்லையோ, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் பற்களின் இடுக்கில் பிரஷ் புகாது. சொத்தையும் ஈறு நோயும் எளிதில் வரும். எத்துப்பல் உள்ள குழந்தை விளையாட்டில் விழுந்தால் முதலில் அடிபடுவது அந்த முன்பற்கள்தான். இருந்தும், "கல்யாண வயதில் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடும் வீடுகள் நம்மில் அதிகம். ஈறும் எலும்பும் நன்றாக இருந்தால் பல்லை எந்த வயதிலும் நகர்த்தலாம். தாடை வளர்ச்சியைச் சீர்செய்வதற்கோ ஒரு காலம் உண்டு. அதைத் தவறவிட்டால், பெரிய கோளாறுகளுக்கு அறுவை சிகிச்சை வரை போக நேரும்.

முதலில், பல் எப்படி நகர்கிறது என்று பார்ப்போம். பல், சுவரில் அடித்த ஆணி போல எலும்பில் இறுகி நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு நார்த்திசு இருக்கிறது. ரயில் பாதையில் ஸ்லீப்பர் கட்டை ஜல்லியின்மேல் அமர்ந்திருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பி பல்லை மெல்ல அழுத்தும்போது, அழுத்தம் படும் பக்கம் எலும்பு கரைகிறது. இழுபடும் பக்கம் புது எலும்பு உண்டாகிறது. மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் நகரும். தண்டவாளத்தைக் கடப்பாரை போட்டு ஒரே இரவில் தள்ளிவிடலாம், பல்லை முடியாது. "பரீட்சைக்கு முன் முடியட்டும், கொஞ்சம் இறுக்கிவிடுங்கள் டாக்டர்" என்று கேட்பதில் பயன் இல்லை. விசை மிகுந்தால் அந்த நார்த்திசுவில் ரத்த ஓட்டம் தடைப்பட்டு, பல் நகர்வது தாமதமாகும். வேர் நுனி கரையவும் கூடும்.

இன்று ஆரம்ப மாதங்களில் பெரும்பாலும் நிக்கல்-டைட்டானியம் கம்பிதான் போடுகிறார்கள். 1960-ஐ ஒட்டி அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் உருவான கலவை அது. வளைத்துக் கட்டினாலும் பழைய வடிவுக்குத் திரும்பப் பார்க்கும். திரும்பும் வழி நெடுக ஏறக்குறைய ஒரே அளவான மெல்லிய விசையைத் தரும். எனக்கு மிகவும் பிடித்த உலோகம்!

இனி வயதுக்கு வருவோம். சுமார் 6 வயதில், பால்பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் வருவதால் இதையும் பால்பல் என்று எண்ணிச் சொத்தையாக விட்டுவிடுகிறார்கள். ஆயுள் முழுதும் இருக்க வேண்டிய பல் அது. எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1899-இல் கோணல் பற்களை மூன்று வகையாகப் பிரித்தது, இந்தக் கடைவாய்ப்பற்கள் மேலும் கீழும் பொருந்தும் விதத்தை வைத்துத்தான். அந்தப் பிரிவு இன்றும் வழக்கில் உள்ளது. பால்பல்லும் அலட்சியத்துக்கு உரியது அல்ல. முன்கூட்டியே அதைப் பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பல் சாய்ந்து, வரப்போகும் பல்லின் இடத்தை அடைத்துக்கொள்ளும். இடத்தைக் காக்க ஒரு சிறு வளையக் கம்பி பொருத்துவார்கள்.

ஆகவே 7 வயதுக்குள் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. விரல் சூப்பும் பழக்கம், வாயால் மூச்சு விடுதல் இரண்டையும் அப்போதே சொல்லுங்கள். மேல் அண்ணத்தின் நடுவே இரு பாதி எலும்புகள் சேரும் பொருத்து சிறு வயதில் இறுகியிருக்காது. மேல்தாடை குறுகலாக இருந்தால், அங்கே ஒரு திருகு கருவியை வைத்து அகலப்படுத்துவார்கள். சாவியால் ஒரு கால் சுற்று சுற்றினால் சுமார் கால் மில்லிமீட்டர் விரியும். கீழ்த்தாடை பின்தங்கியிருந்தால், குழந்தை விறுவிறுவென உயரும் பருவத்தில் அதற்கான கருவியை மாட்டுவார்கள். பெண் குழந்தைகளுக்கு இந்தப் பருவம் ஏறத்தாழ இரண்டு ஆண்டு முன்னதாகவே வந்துவிடும்.

யாரிடம் போவது? பி.டி.எஸ். முடித்து, இந்தத் துறையிலேயே எம்.டி.எஸ். படித்தவரிடம் போவது உத்தமம். கொல்கத்தாவில் இருப்பவர்களுக்கு 1920-இல் தொடங்கிய டாக்டர் ஆர். அகமது பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அரசுக் கல்லூரி என்பதால் காத்திருக்க வேண்டியிருக்கும்; செலவு குறைவு.

சிகிச்சை பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு நீளும். கம்பியைக் கழற்றியதும் பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். அதனால் ரிடெய்னர் எனும் தாங்கியை டாக்டர் சொல்லும் காலம் வரை அணிய வேண்டும். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது இரண்டு மாதம் டாக்டரைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள், முன்கூட்டியே சொல்லி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மாற்றல் வரக்கூடிய உத்தியோகம் என்றால் அதை முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மாற்றல் வந்தால், எக்ஸ்ரே, புகைப்படங்கள், பல் அச்சு, இதுவரை செய்தது இன்னது என்ற குறிப்பு எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். லாரியில் ஏற்றும் சாமானோடு கட்டாமல் கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள்; பல் அச்சு சுண்ணத்தில் வார்த்தது, எளிதில் உடைந்துவிடும்.