சினிமாப்பட்டிக்கு வழி

அன்புள்ள கதிரவனுக்கு,

மாமா எழுதுவது. உன் கல்லூரி ஆண்டு விழா நாடகத்தை இரண்டு முறை படித்தேன். மதுரைப் படங்களைக் கிண்டல் செய்கிற யோசனை நல்ல யோசனை. டீ குடிக்கக்கூட அரிவாளோடு வருகிற உன் கதாநாயகனைப் படித்து உன் அத்தையும் நானும் வாய்விட்டுச் சிரித்தோம். மூன்றாவது காட்சியில் வருகிற கிழவிதான் மனதை உறுத்துகிறாள். போனில் சொன்னால் "சரி மாமா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நீ 'தமிழ்ப்படம்' பார்த்திருக்கிறாயா? சி.எஸ். அமுதன் இயக்கி, சிவா நடித்து, 2010 ஜனவரியில் வந்தது. அதற்குமுன் சில ஆண்டுகளாக 'கில்லி', 'பருத்திவீரன்', 'சுப்ரமணியபுரம்' என்று வரிசையாகப் படங்கள் வந்து, மதுரைக்காரன் என்றாலே வெளியூர்க்காரர்கள் ஓரடி தள்ளி நிற்கிற அளவுக்கு ஆகியிருந்தது. அந்த நேரத்தில்தான் இந்தப் படம் வந்து மொத்தத் தமிழ் சினிமாவையும் பிடித்து உலுக்கியது. வெண்ணிற ஆடை மூர்த்தியும் எம்.எஸ். பாஸ்கரும் மனோபாலாவும் கல்லூரி மாணவர்களாக வருவார்கள். நாற்பதைத் தாண்டிய நாயகர்கள் புத்தகத்தோடு கல்லூரிக்குப் போவதை எத்தனை படத்தில் பார்த்துவிட்டோம்! அந்த மூன்று பேரின் தலையைப் பார்த்ததுமே தியேட்டர் குலுங்கியது.

நான் சொல்ல வந்தது அதன் முதல் காட்சியைப் பற்றி. ஊரின் பெயர் சினிமாப்பட்டி. அங்கே ஆண் குழந்தை பிறக்கக் கூடாது, பிறந்தால் கள்ளிப்பால். உன் வயதுக்கு இது வெறும் வேடிக்கை. எங்களுக்கு அப்படியில்லை. நம் உசிலம்பட்டிப் பக்கத்தில் பெண் குழந்தைகளுக்குக் கள்ளிப்பால் கொடுத்தது 1980களில் பத்திரிகைகளில் வந்து ஊரே தலைகுனிந்தது. 1994-இல் பாரதிராஜா அதை 'கருத்தம்மா'வாக எடுத்தார். அந்தப் படம் முடிந்து வெளியே வந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அதனால் சினிமாப்பட்டிக் காட்சி தொடங்கியதும் எனக்குச் சுருக்கென்றது. இதை வைத்தா சிரிப்பு என்று தோன்றியது.

பிறகு கவனித்தேன். பெண் இருந்த இடத்தில் ஆணை வைத்ததைத் தவிர அமுதன் அந்தக் காட்சியின் சோகச் சட்டத்தை அசைக்கவே இல்லை. கொல்ல வந்த கிழவியிடம் அந்தப் பச்சைக் குழந்தையே வாய் திறந்து, தன்னைச் சென்னைக்கு அனுப்பச் சொல்கிறது. செத்துப்போன குழந்தைகளை அந்தச் சிரிப்பு தொடவில்லை. கிராமம், பஞ்சாயத்து, கிழவி, பிழைத்துப்போய் நாயகனாகிற பிள்ளை என்று நாம் மனப்பாடம் செய்துவைத்திருக்கிற அச்சுக் கதையைத்தான் அது குத்திக் கிழித்தது. புண் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவனால்தான் இப்படிப் புண்ணைத் தொடாமல் கட்டை மட்டும் பிரிக்க முடியும்.

அந்தக் கிழவியாக நடித்தவர் பரவை முனியம்மா. நீ திண்டுக்கல் போகும்போதெல்லாம் பஸ் விளாங்குடி தாண்டிக் கடக்கிறதே, அந்தப் பரவைதான் அவர் ஊர். நாட்டுப்புறப் பாடகி. 2003-இல் 'தூள்' படம்தான் அவரை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. நம் சினிமாவில் கிராமத்துக் கிழவிக்கு இரண்டே வேலை: ஒப்பாரி வைப்பது, நாயகன் நெற்றியில் திருநீறு பூசுவது. 'தமிழ்ப்படம்' கடைசியில், ஊரையே நடுங்க வைத்த தாதா யார் என்று பார்த்தால், இந்த அப்பத்தாதான். அதை அந்த அம்மா கண்ணடித்தோ பல்லைக் காட்டியோ செய்யவில்லை. கும்மிப்பாட்டுக்கு நிற்கிற அதே நிமிர்வோடு நின்றார். உன் அம்மாச்சி அன்றைக்குச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பு! தன் வயதுக்காரி ஒருத்தி ஜெயித்துவிட்ட சிரிப்பு அது. முனியம்மா 2020 மார்ச்சில் காலமானார்.

இன்னொன்றும் பார். ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை', 1964. படம் எடுக்கத் துடிக்கும் செல்லப்பாவாக நாகேஷ், காசு வைத்திருக்கும் அப்பாவாக பாலையா. மகன் பேய்க்கதை சொல்கிற அந்தக் காட்சியை எல்லாரும் நாகேஷுக்காகப் பார்ப்பார்கள். நீ பாலையாவை மட்டும் பார். கதை என்று ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு மனிதர் உண்மையாகவே பயப்படுகிறார். சினிமாக்காரன் வெறும் சத்தத்தை வைத்தே நம்மை எப்படி ஆட்டிவைக்கிறான் என்பது அந்த முகத்தில் தெரியும்.

ஹாலிவுட்டில் 2008-இல் பென் ஸ்டில்லர் 'டிராபிக் தண்டர்' எடுத்தார். போர்ப் படத்தில் நடிக்கப் போன நடிகர்கள், நிஜக் காட்டில் நிஜத் துப்பாக்கி சுடும்போதும் ஷூட்டிங் என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள். நடிகர்களின் கர்வத்தை அவ்வளவு கூர்மையாகக் கிழித்த படத்திலேயே ஓர் இடம் சறுக்கியது. விருதுக்காக மனவளர்ச்சி குன்றியவர் வேடம் போடும் நடிகனைத்தான் அவர்கள் பரிகசிக்க நினைத்தார்கள். ஆனால் அதற்குப் பயன்படுத்திய சொல் அந்த மனிதர்கள் மேலேயே போய் விழுந்தது. மாற்றுத்திறனாளி அமைப்புகள் தெருவில் இறங்கிப் போராடின. நினைத்தது ஒன்று, அடி விழுந்த இடம் வேறு.

உன் மூன்றாவது காட்சியிலும் அதுதான் நடந்திருக்கிறது. கிழவிக்குக் காது கேட்காது, பேச்சு இழுக்கிறது, 'வாராக', 'போறாக' என்கிறாள், அவ்வளவுதான் அவளுக்கு. அவளைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறாயே தவிர, அவளை அப்படியே காட்டிக்கொண்டிருக்கும் சினிமாவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லவில்லை. மேடைக்கு முன்னால் செல்லம்பட்டியிலிருந்தும் பேரையூரிலிருந்தும் வந்த அப்பத்தாக்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் பேசுவது அந்தத் தமிழைத்தான், மாப்ளே.

நாடகத்தைக் கைவிடாதே. அரிவாள் காட்சியில் ஒரு வரியும் மாற்றாதே. கிழவிக்கு மட்டும் நாயகனை மடக்குகிற மாதிரி ஒரு வசனம் எழுது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரும்போது அதை முதலில் அம்மாச்சிக்குப் படித்துக் காட்டு.

அன்புடன்,
மாமா