காமிராவின் மெனுவும் சேலையின் நிறமும்

நமது சங்கங்கள் சிலவற்றின் அலமாரிகளில், கையடக்கமான டிஜிடல் காமிரா ஒன்று உபயோகமின்றி உறங்கிக்கொண்டிருக்கக் காணலாம். 2010-ஆம் ஆண்டில் உலகெங்கும் விற்பனைக்கு அனுப்பப்பெற்ற டிஜிடல் காமிராக்கள் 12 கோடிக்கும் அதிகம். பின்னர்க் கைபேசி அதன் இடத்தைப் பற்றிக்கொண்டது. எனினும் அப்பழைய கருவியை அங்கத்தினர்கள் மீண்டும் கையிலெடுக்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். பெரும்பாலான கைபேசிகள் வர்ணத்தைத் தாமாகவே மெருகேற்றிவிடுகின்றன. சிறிய காமிராவிலோ, எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்பதை மெனுவின் வழியாக நாமே முடிவு செய்யலாம்.

இதில் நமக்கு என்ன நஷ்டம், என்ன லாபம் என்று கேட்போர் உண்டு. படத்தைக் கண்டு துணி வாங்குபவர் அதைத் தொட்டுப் பார்ப்பதில்லை. நிறம் ஒன்றையே நம்பிப் பணம் அனுப்புகிறார். அரக்கு நிறச் சேலை படத்தில் குங்குமச் சிவப்பாகத் தோன்றிவிட்டால், பார்சலைப் பிரித்தவர் அதைத் திருப்பி அனுப்பவே முற்படுவார். போகவர இருமுறை தபால் செலவு; மடிப்புக் கலைந்த சேலையைப் பின்னர்ப் புதுச் சரக்கின் விலைக்கு விற்பதும் அரிது. நெய்தவர் பிழை செய்யவில்லை. சாயமிட்டவரும் பிழை செய்யவில்லை. படம் எடுக்கும்போது ஒரு பட்டனை அழுத்தாமல் விட்டதே பிழை.

பாடத்திற்கு உதாரணமாகக் கேனன் நிறுவனத்தின் பவர்ஷாட் 'ஏ' வரிசைக் காமிராவை எடுத்துக்கொள்வோம். பிற நிறுவனத்தார் காமிராக்களிலும் பெயர்கள் சிறிது மாறினும் சங்கதி ஒன்றே. இக்கருவியில் மெனு இருவகை. பின்புறம் 'செட்' என்று பொறித்துள்ள நடுப் பட்டனை அழுத்தினால் தோன்றுவது, ஒவ்வொரு படத்திற்கும் மாற்றத்தக்க அமைப்புகளின் வரிசை. 'மெனு' என்று எழுதிய தனிப் பட்டனை அழுத்தினால் தோன்றுவது, தேதி, மணி, ஒலி, கோப்பு எண் முதலிய நிலையான ஏற்பாடுகள். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதாலேயே பலர் மெனு என்றாலே அஞ்சுகின்றனர்.

மற்றொரு தடை உண்டு. மேலே உள்ள சக்கரம் 'ஆட்டோ' என்ற இடத்தில் நின்றால், நமக்கு வேண்டிய அமைப்புகளிற் பல மெனுவிற் கிட்டா. அச்சக்கரத்தை 'பி' என்ற எழுத்திற்குத் திருப்பிய பின்னரே அவை வெளிப்படும். மெனுவில் ஒன்றுமே இல்லையென்று காமிராவை உள்ளே வைத்துவிட்டவர்கள் முதலில் இச்சக்கரத்தைப் பார்ப்பது நலம்.

இனி நிறத்தின் விஷயத்துக்கு வருவோம். காமிராவின் உள்ளே ஒளியை வாங்கும் சில்லின்மீது, சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறங்களில் நுண்ணிய வடிகட்டிகள் கட்டம் கட்டமாகப் பதிக்கப்பட்டுள்ளன. கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த பிரைஸ் பேயர் என்பவர் இந்த அமைப்பிற்கு 1976-இல் காப்புரிமை பெற்றார். நான்கு கட்டங்களில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். வந்து விழும் ஒளியை இவை அளந்து சொல்லுமேயன்றி, அந்த ஒளி வெயிலா, டியூப்லைட்டா, பழைய குண்டு பல்பா என்பதை அறியா. குண்டு பல்பின் ஒளி மஞ்சள் கலந்த செம்மை. திறந்த வானத்தின் கீழுள்ள நிழலின் ஒளி நீலம் சார்ந்தது. நமது கண்ணும் மூளையும் இவ்வேற்றுமையைத் தாமே சரிசெய்துகொள்வதால், வெள்ளை வேட்டி எங்கும் வெள்ளையாகவே தெரிகிறது. காமிராவிற்கு இதனைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அவ்விதம் சொல்லிக் கொடுக்கும் அமைப்பே 'ஒயிட் பேலன்ஸ்' எனப்படுவது.

இதைக் காமிராவின் பொறுப்பிலேயே விட்டுவிட்டால், அது காட்சி முழுவதையும் பார்த்து ஊகம் செய்கிறது. தெருவையோ கூட்டத்தையோ படமெடுக்கும்போது அந்த ஊகம் பெரும்பாலும் பலிக்கும். படம் முழுவதையும் ஒரே சிவப்புச் சேலை நிறைத்துக்கொண்டால், விளக்கின் ஒளியே சிவப்புப் போலும் என்று எண்ணி, அச்சிவப்பைக் குறைத்துவிடக்கூடும். ஆதலின் ஒரே சேலை வெள்ளை விரிப்பின்மேல் ஒரு நிறமாகவும், கறுப்பு விரிப்பின்மேல் மற்றொரு நிறமாகவும் பதிவாவதுண்டு. நம் கண்ணுக்கு இது விந்தையாகத் தோன்றினும், கருவியின் கணக்கில் விந்தை ஏதுமில்லை.

பரிகாரம் எளிது. நடுப் பட்டனை அழுத்தி, ஒயிட் பேலன்ஸ் வரிசையில் வெயில், மேகம், குண்டு பல்பு, டியூப்லைட் ஆகியவற்றின் குறிகளைத் தாண்டிக் கடைசியில் உள்ள 'கஸ்டம்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு, சேலை விரித்துள்ள அதே இடத்தில், அதே வெளிச்சத்தில், வெள்ளைத் தாளொன்றை வைத்து, திரையின் நடுக்கட்டம் அதனால் நிறையும்படி பிடித்து, திரையிற் குறிப்பிட்டுள்ள பட்டனை அழுத்தினால், அந்த ஒளியில் வெண்மை எது என்பதைக் காமிரா அறிந்துகொள்ளும். தாளுக்குப் பதிலாக நீலம் போட்ட வேட்டியை வைப்பவர் உண்டு, அது கூடாது. நீலமும் வெண்மையூட்டும் பொருளும் சேர்ந்த துணி உண்மையில் நீலச் சாயல் உடையது. மிகவும் பளிச்சிடும் தாளுக்கும் இக்குற்றம் உண்டு. புகைப்படக்காரர்கள் வைத்திருக்கும் சாம்பல் நிற அட்டை கிடைக்குமாயின் அதுவே சிறந்தது. ஜன்னல் வெளிச்சத்திலிருந்து விளக்கு வெளிச்சத்திற்கு மாறினால் மறுபடியும் அளக்க வேண்டும். இரண்டையும் ஒருங்கே கலந்து படமெடுப்பதை அறவே தவிர்க்க வேண்டும்.

வெள்ளை வேட்டியைப் படமெடுத்தால் அழுக்கேறியது போல் தோன்றுகிறதே என்பது பரவலான குறை. காமிரா எதைக் கண்டாலும் அதை நடுத்தரமான வெளிச்சத்திற்குக் கொண்டுவர முயல்வதே இதற்குக் காரணம். கூட்டல், கழித்தல் குறிகளோடு காணப்படும் எக்ஸ்போஷர் அமைப்பில் இரண்டு கூட்டல் முதல் இரண்டு கழித்தல் வரை, மூன்றிலொரு பங்காக நகர்த்தலாம். வெள்ளைத் துணிக்கு மூன்றில் இரண்டு பங்கு முதல் ஒன்று வரை கூட்ட வேண்டும். கறுப்பு, கருநீலச் சேலைகளுக்குச் சிறிது கழிக்க வேண்டும். இல்லையேல் அவை வெளுத்துத் தோன்றும்.

அதே வரிசையில் நிறங்களை மாற்றும் பகுதியும் உண்டு. அதில் 'விவிட்' என்பதைத் தேர்ந்தால் எல்லா நிறமும் கண்ணைப் பறிக்கும். திருவிழாப் படத்திற்கு அது இருக்கட்டும். விலைப்பட்டியலுக்கான படத்திற்கு அதைத் தொடாதிருப்பதே முறை. சரக்கைவிடப் படம் அழகாயிருப்பது வியாபாரத் தந்திரமென்று சிலர் வாதிப்பர். திரும்பி வரும் பார்சல்களை எண்ணிப் பார்க்க வேண்டியவர்கள் அவர்களல்லர்.

மயில்கழுத்து நிறத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பாவு ஒரு நிறமும் ஊடை வேறொரு நிறமுமாக நெய்த துணியில், பார்க்கும் கோணத்திற்கேற்ப ஒரு நிறம் மேலோங்கி மற்றொன்று மறையும். எந்த அமைப்பாலும் இதனை ஒரே படத்தில் அடக்க இயலாது. நேராக ஒரு படமும், மடிப்பு விழும்படி சாய்வாக ஒரு படமும் எடுத்து இரண்டையும் சேர்த்தே வெளியிட வேண்டும். இன்னொன்றும் உண்டு. ஊதா முதலிய சில சாயங்கள் நம் கண்ணுக்கு ஒருவிதமாகவும் காமிராவின் சில்லுக்கு வேறுவிதமாகவும் படுகின்றன. வெள்ளையைச் சரியாக அளந்தும் நிறம் ஒவ்வாதபோது, உண்மை நிறத்தைப் படத்தின் அடியில் எழுத்தாற் சொல்லிவிடுவதே நேர்மையான வழி.

பிளாஷை நிறுத்திவிட வேண்டும். அது ஜரிகையை வெள்ளைத் தகடாக்கிவிடும். ஐ.எஸ்.ஓ. எண் 80 அல்லது 100 என்றிருந்தால் படத்தில் புள்ளிகள் தோன்றா. ஆனால் கை நடுங்கினால் படம் கலங்கும். எனவே காமிராவை முக்காலியிலோ, அடுக்கிய பலகைகளின் மேலோ வைத்து, இரண்டு விநாடி கழித்து எடுக்கும் அமைப்பை உபயோகிக்கலாம். நெசவின் நெருக்கத்தைக் காட்டவும், பயிரின் இலையில் விழுந்த புள்ளியையோ பூச்சியையோ விவசாய அலுவலருக்குக் காட்டவும், பூவின் குறியிட்ட 'மாக்ரோ' பட்டன் உதவும். அளவு விளங்குவதற்கு ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 'டிஜிடல் ஜூம்' என்பது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதேயன்றி நுட்பம் கூட்டுவதன்று. அதை மெனுவில் நிறுத்தி வைப்பது நன்று.

காமிராவோடு வந்த குறுந்தகட்டில் 'ஜூம்பிரௌசர்' என்ற சாப்ட்வேரும், பல படங்களை ஒட்டி ஒன்றாக்கும் 'போட்டோஸ்டிச்' என்பதும் இருந்தன. நிக்கான் நிறுவனத்தார் 'பிக்சர்ப்ராஜெக்ட்' என்பதையும், பிற்காலத்தில் 'வியூஎன்எக்ஸ்' என்பதையும் அளித்தனர். அவை பழைய கம்ப்யூட்டர்களுக்காக எழுதப்பட்டவை. இன்றைய கம்ப்யூட்டரில் ஓடாவிடினும் கவலை வேண்டாம். மெமரி கார்டை அதற்குரிய ரீடரில் செருகி, 'டிசிஐஎம்' என்ற உறையைத் திறந்தால் படங்கள் யாவும் அங்கே இருக்கும். நிறத்தைத் திருத்துவதானால் நகலிலேயே திருத்த வேண்டும். ஜேபெக் வகைக் கோப்பைத் திருத்தித் திருத்திச் சேமிக்குந்தோறும் அதன் நுட்பம் குறைகிறது.

கடைசியாக, 'மெனு' பட்டனுக்குள் இருக்கும் கோப்பு எண் அமைப்பு. இதனைக் கவனியாமல் படங்களை இழந்தவர் உண்டு. எண் ஒவ்வொரு கார்டிற்கும் 0001-இலிருந்து புதிதாகத் தொடங்கும்படி வைத்திருந்தால், சென்ற மாதத்துச் சேலையும் இம்மாதத்துச் சேலையும் ஒரே பெயரைப் பெறும்; ஒரே உறையில் போட்டால் புதியது பழையதை அழித்துவிடக்கூடும். எண் தொடர்ந்து செல்லும் முறையையே தேர்ந்தெடுக்க வேண்டும். அவ்வாறாயின் 9999 வரை பெயர் மீளாது; அந்த எண்ணையே சரக்குப் பதிவேட்டில் சேலையின் எண்ணுக்கு எதிரே குறித்துக்கொள்ளலாம். தேதியும் மணியும் சரியாக இருந்தால் எந்த நாளில் எடுத்த படம் என்பதும் கோப்பினுள்ளேயே பதிவாகும். இரண்டு இடங்களில் நகல் எடுத்துக்கொண்ட பிறகு, கார்டைக் காமிராவில் வைத்தே 'பார்மட்' செய்துவிட்டு அடுத்த உருப்படிகளை எடுக்கத் தொடங்கலாம்.