நடுவயதில் ஒரு பெரும்பணி: தாமோதரம்பிள்ளையின் வழிமுறை

சி. வை. தாமோதரம்பிள்ளை 1832ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்தார். சட்டம் படித்துத் தேறியது 1871இல், ஏறத்தாழ நாற்பதாவது வயதில். வீரசோழியத்தை அவர் அச்சேற்றியது 1881இல். அப்போது வயது 49. அதன்பின் இறையனார் அகப்பொருள் (1883), தொல்காப்பியப் பொருளதிகாரம் (1885), கலித்தொகை (1887), சூளாமணி (1889) என்று பழந்தமிழ் நூல்கள் அவர் கையால் ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்தன. நடுவயதில் பெரிய காரியமொன்றில் இறங்க நினைப்பவருக்கு இந்தப் பத்தாண்டைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

முதலில் பணியைத் தெரிய வேண்டும். இளமையில் விருப்பம் மட்டும் போதும். ஐம்பதை நெருங்கும்போது, தள்ளிப்போட்டால் அழிந்துவிடக்கூடிய ஒன்றைத் தெரிவதே நல்லது. தாமோதரம்பிள்ளையை விரட்டியது தொட்டால் ஓரம் உதிரும் ஏடுகளின் நிலை. இன்றைய யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் அத்தகைய வேலை நிறைய உண்டு: கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரின் கொப்பிகளில் கிடக்கும் நாட்டுக்கூத்துப் பாடல்கள், பரம்பரை வைத்தியரின் வாகட ஏடுகள், இடப்பெயர்வுகளில் தப்பிய பழைய காணி உறுதிகள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறு படி இல்லாத ஏடுகளும் நூல்களும் மீளாமற் போயின. எதைத் தெரிவது என்ற தயக்கத்துக்கு அந்த இழப்பே விடை.

அடுத்தது, அளவாகத் தொடங்குவது. 1881இன் துணிவு திடீரென்று வந்ததன்று. 1868இலேயே தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு அவர் வெளியிட்டிருந்தார். அதைப் பார்வையிட்டுத் திருத்தியவர் ஆறுமுக நாவலர். ஆகவே முழுப்பணியின் சிறு பகுதியொன்றை முடித்து, துறை அறிந்த ஒருவரிடம் கொடுத்துத் திருத்தம் பெற வேண்டும். புகழ்பவரிடம் கொடுப்பதால் பயனில்லை. நாவலர் 1879இல் மறைந்தார். அதற்குள் அவரிடம் கற்ற முறை தாமோதரம்பிள்ளையைத் தாங்கியது.

பிழைப்பை விட்டுவிட்டு இறங்குவது பெரும்பாலும் தேவையற்றது. கும்பகோணத்தில் வழக்கறிஞராக உழைத்தவர் தாமோதரம்பிள்ளை. பின்னர் புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்த காலத்திலும் பதிப்பு நிற்கவில்லை. தொழிலின் பழக்கமே பதிப்புக்கும் உதவியிருக்க வேண்டும். சான்றுகளை எதிரெதிரே வைத்து எடைபோடுவது வழக்குமன்றத்துக்கும் பாடபேதத்துக்கும் பொதுவான திறமை. கணக்காளரோ தாதியோ ஆசிரியரோ, தம் தொழில் தந்த திறமையில் எது புதிய பணிக்கு உதவும் என்று எழுதிப் பார்ப்பது நல்லது. வீட்டாரோடு பேசி, பணத்துக்கும் நேரத்துக்கும் எல்லை வகுப்பதும் இந்தக் கட்டத்திலேயே நடக்க வேண்டும். பாதியில் பேசினால் அது சண்டையாக முடியும்.

வேலை தொடங்கியதும் அதைத் தனித்தனியே முடியக்கூடிய துண்டுகளாக வகுக்க வேண்டும். தொல்காப்பியமே ஒரே மூச்சில் வரவில்லை: சொல்லதிகாரம் 1868, பொருளதிகாரம் 1885, நச்சினார்க்கினியர் உரையோடு எழுத்ததிகாரம் 1891. ஒவ்வொன்றும் வெளிவந்த அன்றே வாசகருக்குப் பயன்பட்டது. உடல்நலமோ குடும்பக் கடமையோ இடையில் குறுக்கிட்டாலும், முடிந்த துண்டு வீணாகாது.

ஒரே படியை நம்பக் கூடாது. பல ஊர்ப் பிரதிகளைத் தேடி ஒப்பிட்டதே அவருடைய உழைப்பின் பெரும்பகுதி. கூத்துப் பாடல் தொகுப்பவரும் ஒரு பாட்டுக்கு இரண்டு மூன்று ஊரின் வடிவங்களைக் கேட்டு, யார் பாடியது, எங்கே, எப்போது என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஏடாக இருந்தால் ஈரத் துணி படக்கூடாது. கையாளுமுன் ஒவ்வோர் ஏட்டையும் இரு பக்கமும் படம் எடுத்துவிட வேண்டும்.

குறையில்லாத வடிவம் வரும்வரை காத்திருப்பதே நடுவயதுப் பணிகளை அதிகம் விழுங்குகிறது. 1885இன் பொருளதிகாரத்தில் நச்சினார்க்கினியர் பெயரில் வந்த உரையின் ஒரு பகுதி பேராசிரியர் என்ற உரையாசிரியருடையது என்று பின்வந்த அறிஞர் காட்டினர். அச்சில் இருந்ததனால்தான் அந்தத் திருத்தம் இயன்றது. ஐயமுள்ள இடத்தை ஐயம் என்றே குறித்து வெளியிடலாம்.

முடிந்த பகுதியின் படிகளைக் குறைந்தது மூன்று இடங்களில் சேர்ப்பிக்க வேண்டும்: யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகம், ஊர் வாசிகசாலை, 2005 முதல் ஈழத்து ஆவணங்களை இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் திட்டம்.