காரின் சில்லும் எமது வீதிகளும்

வற்றாப்பளைக் கண்ணகியம்மன் பொங்கலுக்கு முள்ளியவளையிலிருந்து மாட்டு வண்டில் பூட்டிச் சென்ற காலத்தை நினைவில் வைத்திருக்கும் பழைய மாணவர் சிலர் இன்றும் எம்மிடையே உளர். மணலும் மரவேரும் பள்ளமும் திட்டியும் நிறைந்த பாதை அது. வண்டிலுக்கு வில்லும் இல்லை, இரப்பரும் இல்லை. அவ்வாறிருந்தும் பெண்களும் குழந்தைகளும் பொங்கற் பானைகளும் அதிற் சென்று சேர்ந்தமைக்கு ஒரு காரணம், மாடு மெல்ல நடந்தமை. மற்றொரு காரணம், வண்டிலின் சில்லு ஒரு மனிதனின் நெஞ்சுயரத்துக்கு மேலாகப் பெரிதாயிருந்தமை. சில்லுப் பெரிதானாற் குலுக்கம் குறையும் என்று எமது பெரியோர் சொல்வர். அது மெய்யே. ஆயின் அந்த மெய்யைப் பிழையான இடத்திற் பொருத்திக்கொண்டு காருக்குச் சில்லு வாங்குவோர் இன்று பலர். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் மீளத் திறக்கப்பட்ட பின்னர் இதுபற்றிய கேள்விகள் என்னிடம் அடிக்கடி வருகின்றன. ஆதலின் பாடம் நடத்திய பழக்கத்தை விடமுடியாத ஓர் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியன் என்ற முறையில் இதனை எழுதலானேன்.

முதலிற் பெரியோர் கூற்றைக் கணக்கால் நிறுவுவோம். வீதியில் 30 சென்ரிமீற்றர் நீளமான ஒரு குழி இருக்கிறதென்று கொள்க. மெல்ல உருளும் ஒரு வட்டச் சில்லு அக்குழியின் இரு விளிம்புகளையும் தொடும் வரையில் கீழே இறங்கும். எவ்வளவு இறங்கும்? ஆரையின் வர்க்கத்திலிருந்து குழியின் அரை நீளத்தின் வர்க்கத்தைக் கழித்து, வர்க்கமூலம் கண்டு, அதனை ஆரையிலிருந்து கழித்தால் விடை கிடைக்கும். பைதகரசின் தேற்றம் படித்த எந்த மாணவனும் இதைச் செய்யலாம். ஐந்தடி விட்டமுள்ள வண்டிற் சில்லு ஏறத்தாழ ஒன்றரைச் சென்ரிமீற்றர் மாத்திரமே இறங்குகின்றது. 28 சென்ரிமீற்றர் ஆரையுள்ள ஒரு சிறிய காரின் சில்லு நாலேகாலுக்கும் சற்று மேலே இறங்கும். முச்சக்கர வண்டியின் சில்லோ ஆறரைச் சென்ரிமீற்றர் விழுந்து எழும். ஓட்டோவில் நெடுந்தூரம் சென்றவர்களுக்கு இக்கணக்கு வேண்டியதில்லை. இடுப்பே சான்று கூறும்.

இனிப் பிழை எங்கே நிகழ்கிறதென்று பார்ப்போம். வண்டிற் சில்லை ஐந்தடி என்னும்போது நாம் அதன் வெளிவிட்டத்தைச் சொல்கிறோம். காரின் சில்லை 15 அங்குலம், 17 அங்குலம் என்னும்போது சொல்வது வெளிவிட்டத்தை அன்று. உள்ளேயிருக்கும் உலோக ரிம்மின் விட்டத்தையே. இரண்டும் வேறு வேறு. ரயரின் பக்கத்தில் 155/65 ஆர் 14 என்று பொறித்திருப்பின், 155 என்பது ரயரின் அகலம், மில்லிமீற்றரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தின் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பது. ஆர் என்பது ரேடியல் என்னும் அமைப்பைக் குறிக்கும். இறுதியில் நிற்கும் 14 மாத்திரமே அங்குலம். அது ரிம்முக்கு உரியது. ஒரே இலக்கத்தொடரில் மில்லிமீற்றரும் நூற்றுவீதமும் அங்குலமும் கலந்து கிடப்பதைக் கண்டு மாணவர்கள் சிரிக்கலாம். உலகம் முழுவதும் அப்படித்தான் எழுதுகின்றது.

நம் ஊர்களில் நிறையக் காணப்படும் சுசுக்கி வகன் ஆர் காரை எடுத்துக்கொள்வோம். அதன் சாதாரண வகைக்கு 155/65 ஆர் 14 ரயர். ஸ்ரிங்ரே எனப்படும் அலங்கார வகையிற் சிலவற்றுக்கு 165/55 ஆர் 15. முன்னதன் வெளிவிட்டம் 557 மில்லிமீற்றர், பின்னதன் வெளிவிட்டம் 562. ஓரங்குலம் பெரிய சில்லு என்று வாங்கியது உண்மையில் ஐந்து மில்லிமீற்றரே பெரிது. குழியில் விழும் அளவில் இதனால் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் பக்கச்சுவர் 101 மில்லிமீற்றரிலிருந்து 91ஆகக் குறைந்துவிட்டது. ரொயோட்டா பிறியஸ் காரின் மூன்றாம் தலைமுறையில் இந்த வேடிக்கை இன்னும் தெளிவு. 195/65 ஆர் 15 ரயரின் வெளிவிட்டம் 634 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். 215/45 ஆர் 17 ரயரின் வெளிவிட்டம் 625. பதினேழு அங்குலச் சில்லே சிறிய சில்லு! அதன் பக்கச்சுவரும் 127 மில்லிமீற்றரிலிருந்து 97ஆக இறங்கிவிடுகின்றது.

அந்த 30 மில்லிமீற்றர் எவ்வளவு பெறுமதி என்பதை என் குடும்பம் ஒருநாள் அறிந்தது. என் மூத்த சகோதரியாருக்கு முழங்காலிற் சத்திரசிகிச்சை செய்திருந்தார்கள். அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக அவர் மகன், அதாவது என் மருமகன், கொழும்பிலிருந்து தன் காரை எடுத்து வந்தான். பளபளக்கும் 17 அங்குல ரிம், மெல்லிய ரயர். ஏ9 வீதியில் நூலில் ஓடியதுபோல் வந்தது என்று பெருமைப்பட்டான். அதில் ஐயமில்லை. மறுநாட் காலை எமது கிறவற் பாதையில், மழை அரித்துவிட்ட ஒரு மதகின் விளிம்பில் இடது முன்சில்லு மோதியது. வேகம் அதிகமன்று. ரயரின் சுவர் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையில் அகப்பட்டு வெட்டுண்டது, ரிம்மும் நெளிந்தது. அந்த அளவு ரயர் அன்று ஊரில் எங்கும் கிடைக்கவில்லை. நோயாளி ஓட்டோவிற் போனார். மாலையில் திரும்பி வந்து அவர் சொன்னது: "ஓட்டோவிலை இடுப்பு முறிஞ்சாலும் ஆசுப்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்திட்டன், தம்பி."

இதன் காரணத்தை விளங்கிக்கொள்ள ரயர் என்பது என்ன என்று கேட்க வேண்டும். காற்றடைத்த சில்லுக்கு இங்கிலாந்தில் 1845ஆம் ஆண்டிலேயே றொபேட் வில்லியம் தொம்சன் என்பார் உரிமை பெற்றிருந்தார். உலகம் அதை மறந்துவிட்டது. 1888இல் பெல்பாஸ்ற் நகரில் மிருகவைத்தியராயிருந்த ஜோன் பொய்ட் டன்லொப், தம் மகனின் முச்சக்கரச் சைக்கிள் குலுங்காமல் ஓடுவதற்காக மீண்டும் அதைக் கண்டார். ஆகவே ரயர் பிறந்தது அழகுக்காகவன்று, பிள்ளையின் சுகத்துக்காகவே. ரயரிலே பாரத்தைத் தாங்குவது இரப்பரன்று, அடைபட்ட காற்று. காரின் இரும்பு வில்லுக்கு முன்னர் வீதியைச் சந்திக்கும் முதல் வில் இக்காற்றே. பக்கச்சுவர் உயர்ந்திருந்தால் அது அமுங்குவதற்கு இடம் உண்டு. குறுகியிருந்தால் அடி நேரே ரிம்முக்குப் போகும்.

இன்னொன்றும் உண்டு. வில்லுக்கு மேலேயுள்ள திணிவு வேறு. வில்லுக்குக் கீழே சில்லோடு சேர்ந்து துள்ளும் திணிவு வேறு. கீழ்த்திணிவு கூடக்கூட, அதன் சடத்துவம் காரணமாகச் சில்லு திட்டியில் ஏறியபின் உடனே நிலத்துக்குத் திரும்பமாட்டாது. பெரிய ரிம்மும் அகன்ற ரயரும் பெரும்பாலும் இத்திணிவைக் கூட்டுகின்றன. இலேசான உலோகக் கலவை என்று சொல்லி விற்கப்படுவன யாவும் இலேசானவை அல்ல. வாங்குமுன் கடைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்ப்பதில் வெட்கமில்லை.

அப்படியாயின் பெரிய ரிம்மினாற் பயனே இல்லையோ என்று கேட்பின், உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. சுக்கானைத் திருப்பும்போது முதலில் திரும்புவது ரிம். பக்கச்சுவர் சற்று முறுகிய பின்னரே நிலத்திலுள்ள இரப்பர் அதைப் பின்தொடரும். சுவர் குட்டையானால் இத்தாமதம் குறைவு. வளைவுகளில் கார் சொன்னபடி கேட்கும். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டானூடாக முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ34 வீதியிற் செப்பமான பகுதிகளில் இதை எவரும் உணரலாம். பெரிய பிறேக் தட்டுகளுக்கு ரிம்மினுள் இடம் வேண்டும் என்பதும் மெய்யான நியாயமே. மினி கார் 1984இல் 12 அங்குலச் சில்லுக்கு மாறியபோது அதனுடன் முன்சில்லுகளுக்குப் பிறேக் தட்டும் வந்து சேர்ந்தது. ஆயின் கிறவலில் நிலை வேறு. துள்ளிக்கொண்டிருக்கும் சில்லு நிலத்தைத் தொடாத கணத்தில் அதற்குப் பிடியும் இல்லை, பிறேக்கும் இல்லை. அங்கே வண்டியைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது நிலத்தை விடாத சில்லே. எனவே குலுங்காத காரே கிறவலிற் சொற்கேட்கும் காருமாகின்றது.

அகன்ற ரயர் கூடுதலான நிலத்தைப் பிடிக்கும் என்பது பலரின் நம்பிக்கை. ஒரு சில்லின்மேல் 250 கிலோகிராம் பாரம். காற்றமுக்கம் சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல், அதாவது சதுர சென்ரிமீற்றருக்கு 2.1 கிலோகிராம். பாரத்தை அமுக்கத்தாற் பிரித்தால் ஏறத்தாழ 120 சதுர சென்ரிமீற்றர், ஓர் உள்ளங்கையளவு. ரயரை அகலமாக்கி அதே அமுக்கத்தில் விட்டால் உள்ளங்கை பெரிதாவதில்லை. குறுக்கே நீண்டு நெடுக்கே குறுகுகின்றது, அவ்வளவே. மாரியில் வீதியிற் தண்ணீர் நிற்கும்போது அந்த அகலம் தீமையாகவும் முடியும். அகன்ற ரயர் ஒடுங்கிய ரயரிலும் குறைந்த வேகத்திலேயே நீரின்மேல் மிதக்கத் தொடங்கும்.

இவ்விடயத்தில் ஒரு பெரிய பொறியியலாளரின் வாழ்க்கையிலேயே இரு பக்கங்களையும் காணலாம். அலெக் இஸிகோனிஸ் 1948இல் வெளியிட்ட மொறிஸ் மைனருக்கு 14 அங்குல ரிம் இட்டார். அக்காலத்துக்கு அது சிறிது. 1959இல் மினியை ஆக்கியபோது, காரினுள் ஆட்களுக்கு இடம் வேண்டுமென்று 10 அங்குலத்துக்கே இறங்கினார். மினி வளைவுகளிற் புகழ்பெற்றது. குழிகளிற் புகழ் பெறவில்லை. எமது மக்கள் எதை வைத்துக்கொண்டார்கள்? 1990களில் வன்னிக்குட் பெற்றோல் வரத் தடையிருந்த ஆண்டுகளில் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களை எம் தலைமுறையினர் மறவார். ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட் என்று எல்லாம் கிழவண்டிகள். ஏ40க்கு 16 அங்குல ரிம் இருந்தது. ஆயினும் அதன்மேல் ஒடுங்கி உயர்ந்த ரயர். வெளிவிட்டமும் பெரிது, சுவரும் பெரிது. வீதி என்று சொல்லத்தக்கது எதுவுமில்லாத இடங்களிலும் அவை நோயாளரையும் கர்ப்பிணிகளையும் கொண்டு சென்றன.

ஆகவே சில்லை மாற்ற விரும்புவோர்க்கு என் ஆலோசனை இது. சாரதியின் கதவைத் திறந்தால் உட்சட்டத்தில் ஒரு சிறு தாள் ஒட்டியிருக்கும். அக்காருக்கு உகந்த ரயரின் அளவும் காற்றமுக்கமும் அதிற் காணப்படும். கார் செய்தோர் ஒரே வகைக்கு இரண்டு அளவு குறித்திருந்தால், கிறவலில் ஓடுபவர் பிறேக்கில் முட்டாத சிறிய ரிம்மையும் உயர்ந்த சுவரையும் தெரிந்துகொள்க. ரயரின் பாரச்சுட்டி பழையதிலும் குறையலாகாது. சுவர் உயரட்டும் என்று வெளிவிட்டத்தைக் கண்டபடி கூட்டவுங் கூடாது. வகன் ஆருக்கு 175/65 ஆர் 14 இட்டால் விட்டம் நூற்றுக்கு நாலரைப் பங்குக்கு மேலே கூடி, முன்பு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிய வண்டி, வேகமானி அதே இலக்கத்தைக் காட்டிக்கொண்டிருக்க 63இல் ஓடும். சுக்கானை முற்றாகத் திருப்பும்போது ரயர் உடலில் உரசவுங் கூடும். சுகம் வேண்டிக் காற்றைக் குறைத்து ஓடுவது எல்லாவற்றிலும் கேடு. சுவர் சூடேறி ஒருநாள் வெடிக்கும்.

மாணவர்கள் இதைத் தாமே சோதிக்கலாம். ரயர் நிலத்தைத் தொடும் இடத்தில் வெண்கட்டியாற் கோடிட்டு, நிலத்திலும் கோடிட்டு, சில்லு ஒருமுறை முழுதாகச் சுழலும் வரையில் காரைத் தள்ளி, கடந்த தூரத்தை அளந்து பார்க்க. 557 மில்லிமீற்றர் விட்டத்துக்கு 175 சென்ரிமீற்றர் வரவேண்டும். தரையில் அளந்தால் அதிற் சில சென்ரிமீற்றர் குறைந்தே வரும். பாரத்தை ஏற்ற பின் மீண்டும் அளந்தால் மாற்றம் உண்டா? காற்றைச் சிறிது குறைத்தால் என்ன ஆகும்? என் மருமகன் இப்போது 15 அங்குல ரிம்மில் ஓடுகிறான். அவன் காரை ஒரு சனிக்கிழமை கல்லூரி முற்றத்துக்குக் கொண்டுவரச் சம்மதம் பெற்றிருக்கிறேன். கழற்றி வைத்த 17 அங்குலச் சில்லுகளிற் பழுதுபடாத மூன்றும் அதனுடன் வரும்.