சத்தத்தைப் பிடித்த பிறகு ஸ்க்ரூவைத் தொடுங்கள்

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, காருக்குள் கேட்கும் லொடலொட சத்தத்தைச் சில்லறை வேலை என்று ஒதுக்காதீர்கள். எஞ்சின் கோளாறை ஸ்கேனர் பாதி காட்டிக்கொடுத்துவிடும். சத்தத்துக்கு உங்கள் காதுதான் துணை.

1. முதலில் வண்டியைக் காலி செய்யுங்கள். கிளவ் பாக்ஸ், டோர் பாக்கெட், சீட்டுக்கு அடி, டிக்கி எதையும் விடாதீர்கள். ஜாக்கியை அதன் இடத்தில் இறுக்கி வைத்ததுமே பின்பக்கச் சத்தம் நின்றுபோன வண்டிகள் நிறைய. டயர் காற்றையும் பாருங்கள். டிரைவர் பக்கத் தூணில் உள்ள ஸ்டிக்கர் 33 பவுண்டு என்று சொல்ல, 42 அடித்திருந்தால் ஒவ்வொரு குலுக்கலும் உள்ளே வந்து சேரும்.

2. வண்டிக்காரரையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். ஏசி, பாட்டு இரண்டும் ஆஃப். கரடான ரோட்டில் 20, 30 கிலோமீட்டர் வேகம் போதும். காலையில் வருகிறதா, வெயிலில் நின்ற பிறகு வருகிறதா என்று கேளுங்கள். பிளாஸ்டிக் வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். காலையில் கேட்ட சத்தம் மதியம் பட்டறையில் கேட்காமல் போவது இதனால்தான். வண்டிக்காரர் பொய் சொல்லவில்லை.

3. கடகட வேறு, கிறீச் வேறு. கடகட என்றால் இடைவெளி இருக்கிறது, ஏதோ ஒன்று தளர்ந்து அடிக்கிறது. இறுக்க வேண்டும், அல்லது இடைவெளியை நிரப்ப வேண்டும். கிறீச் என்றால் இரண்டு பரப்புகள் ஒட்டி ஒட்டி வழுக்குகின்றன. நடுவே துணி டேப் கொடுத்துப் பிரிக்க வேண்டும். கிறீச்சுக்கு ஸ்க்ரூவை இறுக்கினால் பெரும்பாலும் சத்தம் கூடும்.

4. டேஷ்போர்டு சத்தம் கண்ணாடியில் பட்டுத் திரும்பும், காது ஏமாறும். ஒரு முழ ரப்பர் டியூபின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஜாயின்ட் ஜாயின்டாக நகர்த்துங்கள். சந்தேகமான இடத்தை உள்ளங்கையால் அழுத்துங்கள். சத்தம் நின்றால் இடம் அதுதான்.

5. கதவுக்கு நேரம் கொடுங்கள். கண்ணாடியை முழுக்க ஏற்றி, பாதி இறக்கி, முழுக்க இறக்கி மூன்று விதமாக ஓட்டுங்கள். சத்தம் மாறினால் கண்ணாடி ஓடும் ரப்பரையோ ரெகுலேட்டரையோ பாருங்கள். மாறாவிட்டால் டோர் பேடைக் கழற்றுங்கள். வெளிக்கடையில் சென்ட்ரல் லாக்கோ ஸ்பீக்கரோ மாட்டிய வண்டி என்றால், பலமுறை உள்ளே ஒரு கனெக்டர் கட்டப்படாமல் தொங்கிக்கொண்டிருக்கும். ஒயரோடு சேர்த்து ஃபிளீஸ் டேப் சுற்றி, டை போட்டுக் கட்டினால் வேலை முடிந்தது.

6. ஏர்பேக்கில் விளையாடாதீர்கள். இந்தியாவில் 2021 ஏப்ரலில் இருந்து வரும் புது மாடல்களில் முன்சீட் இரண்டுக்கும் ஏர்பேக் கட்டாயம். ஏர்பேக் உள்ள இடத்தைத் தொடும் முன் இக்னிஷனை ஆஃப் செய்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, அந்த வண்டியின் மேனுவல் சொல்லும் நேரம் வரை காத்திருங்கள். முன்கண்ணாடியோரத் தூணில் ஏர்பேக் என்று எழுதியிருந்தால், அதன் பேனலுக்குள் ஃபோமைத் திணிக்கவே கூடாது. கர்ட்டன் ஏர்பேக் விரியும் வழி அது. அங்கே சத்தம் வந்தால் கம்பெனி கிளிப்பைப் புதிதாகப் போடுங்கள், அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

7. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள். பிளாஸ்டிக் நெம்பியை, கிளிப் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கொடுங்கள். வெயிலில் காய்ந்து மொறுமொறுத்த கிளிப்பைத் திரும்ப மாட்டினால் அதே வண்டி அதே சத்தத்தோடு வரும்.

8. கதவு பீடிங் ரப்பருக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும். சாதாரண கிரீஸ் அந்த ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும்.

9. மேடு பள்ளத்தில் மட்டும் டக்டக் என்று வந்து, காலடியில் அதிர்வும் தெரிந்தால் உள்ளே எதையும் கழற்றாதீர்கள். வண்டியை லிஃப்டில் ஏற்றி லிங்க் ராடை ஆட்டிப் பாருங்கள்.

10. வேலை முடிந்ததும் வண்டிக்காரரை ஏற்றிக்கொண்டு, முதலில் போன அதே ரோட்டில் அதே வேகத்தில் ஓட்டிக் காட்டுங்கள். அவர் காது ஒப்புக்கொண்ட பிறகு பில் போடுங்கள்.